டயருக்கு வயசாகிறது

1961-இல் ஜெனீவாவில் ஜாகுவார் ஈ-டைப் கார் வந்தபோது மணிக்கு 150 மைல் ஓடும் என்றார்கள். பத்திரிகைச் சோதனையில் ஓடியும் காட்டியது, பந்தய டயரை மாட்டிக்கொண்டு!

இன்றைய ஈ-டைப்காரருக்கும் டயர்தான் கவலை. 240 கிலோமீட்டர் வேகம் தாங்கும் 'வி' ரகமா, மழையில் பிடி நிற்குமா, பட்டன் அந்தக் காலத்து வடிவமா என்று மாதக்கணக்கில் ஆராய்ச்சி. அகலம் கூடினால் ஸ்டியரிங் கனக்குமே (முதல் ஈ-டைப்களில் பவர் ஸ்டியரிங் ஏது?) என்பதெல்லாம் அப்புறம்.

மாட்டியபின் வண்டி உறைக்குள் தூங்கும். ஞாயிறு வெயிலடித்தால் பக்கத்து ஊர் பப் வரை போகும். மேகம் கறுத்தால் அதுவும் இல்லை. டயரின் பக்கவாட்டில் 2315 என்று நாலு எண்: 2015-இன் 23ஆம் வாரத் தயாரிப்பு. பட்டன் தேயவேயில்லை, ரப்பர்தான் விறைத்து வெடித்திருக்கிறது. ஐயாவுக்கு அதில் துளியும் வருத்தமில்லை. மறுபடி ஆராய்ச்சியில் இறங்கலாமே!