ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

கேள்வி: ஆபீஸ் வேலையை விட்டு ஒரு வருஷமாக ஃப்ரீலான்ஸ் டிசைன் வேலை செய்கிறேன். ஞாயிறானால் குளம் சுத்தம் செய்யப் போய்விடுவேன். "காசு வராத வேலைக்கு இத்தனை வேர்வையா?" என்கிறார் அப்பா. வருஷக் கணக்கை எப்படிப் போடுவது?
- வாசகர், சிங்காநல்லூர்

பதில்: வரவில் நொய்யலையும் சேர்த்துப் போடுங்க, தம்பி. வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் அந்த ஆற்றுத் தண்ணீர் அணைக்கட்டில் திரும்பி, வாய்க்கால் வழியாகக் குளத்துக்கு வருகிறது. நடுவில் ஒரு வாய்க்கால் அடைபட்டாலும் கீழே உள்ள குளம் காய்ந்துவிடும். 2003-இல் சிறுதுளி என்ற நீர்நிலைப் பாதுகாப்பு அமைப்பு தொடங்கியதும், 2017-இல் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் பேரூர் பெரிய குளத்தில் மண்வெட்டியோடு இறங்கியதும் இந்தக் கவலையில்தான். குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர் வெள்ளலூர் குளத்துக்கு வரும் வாய்க்காலைச் சுத்தம் செய்து, கரையில் மரங்களை நெருக்கமாக நடும் மியாவாக்கி முறையில் காடும் வளர்த்தார்கள். சம்பளம் இல்லைதான், ஆனால் சுற்றுவட்டக் கிணற்றுக்கெல்லாம் ஊற்று. பில் அனுப்பியும் பணம் தராத வாடிக்கையாளரைவிட, பில்லே கேட்காமல் நிறைந்து காட்டும் குளம் எவ்வளவோ மேல்!

டிசைன் வேலையில் மட்டும் முன்பணம் வாங்காமல் கை வைக்காதீங்க. அதில் கறாராக இருந்தால்தான் ஞாயிறு உங்களுக்கு மிஞ்சும். அடுத்த வாரம் அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. எந்த வாய்க்கால் எங்கே ஓடியது என்று அவர் தலைமுறைக்குத்தான் தெரியும்.