சூடானால் பிடிக்கும் பிரேக்

கேள்வி: என் ட்ரையல்ஸ் பைக்கின் பின் பிரேக், பாறைகளில் கொஞ்ச நேரம் ஏறியதும் தானாகவே பிடித்துக்கொள்கிறது. ஆறினால் விட்டுவிடுகிறது. பிரேக் பேடை மாற்றிவிடலாமா?

பதில்: பாவம், பேடைத் தண்டிக்காதீர்கள்! முதலில் பெடலைக் கையால் அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டமும் இல்லையென்றால் குற்றவாளி அங்கேதான். காலை எடுத்த பின்பும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காவிட்டால், ஆயில் டேங்குக்குத் திரும்பும் நுண்துளை மூடியே கிடக்கும். சூட்டில் விரியும் ஆயில் வேறெங்கே போகும்? காலிப்பரைத்தான் நெருக்கும். புஷ்ராடைத் தளர்த்தி, சிறிது ஆட்டம் கொடுங்கள். அப்படியும் பிடித்தால் துளையில் அழுக்கு. கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

பிரேக்கைப் போலவே ஆயிலில் இயங்கும் கிளட்ச் பற்றியும் ஒரு வார்த்தை: அதன் லீவர் மெத்தென்று அமுங்கினால் உள்ளே காற்று. குமிழி மேலே ஏறுவதையே விரும்பும். ஊசிக்குழாயால் கீழிருந்து ஆயிலை ஏற்றுங்கள். ஆயில் டேங்கின் மூடியில் எழுதியிருக்கும் ஆயிலை மட்டுமே ஊற்றுங்கள். டாட் 4 பிரேக் ஆயில் கேட்கும் இடத்தில் மினரல் ஆயில் போனால் ரப்பர் சீல்கள் உப்பிவிடும்.