அப்பாவுக்குப் போன சைட்டேஷன்

திருச்சியில் பிஎச்.டி. செய்கிறவர்கள் டீக்கடையில் சண்டை போட கைடு, ஸ்டைபண்ட் இரண்டும் அலுத்துப்போனால் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: ரெஃபரன்ஸ்களை எந்த சாஃப்ட்வேரில் சேர்த்து வைப்பது? ஜொடேரோ கட்சிக்காரர் "இலவசம்" என்பார், அதற்கு மேல் வாதம் தேவையில்லை என்கிற முகத்தோடு. மெண்டலேகாரரிடம் "அதை 2013-லேயே பத்திரிகை போடுற எல்ஸ்வியர் வாங்கிட்டானே" என்றால் டீயை உறிஞ்சுவார். எண்ட்நோட்காரருக்கு லைசென்ஸ் காசை வேறு யாரோ கட்டியிருப்பார்கள். லேடெக்காரர் சண்டைக்கே வரமாட்டார். லேடெக்கின் ரெஃபரன்ஸ் துணைக்கருவியாக 1985-இல் பிறந்த பிப்டெக்குக்கு இன்னமும் கையாலேயே ஃபைல் தட்டிக்கொண்டிருப்பார்.

எனக்குக் கட்சி கிடையாது. ஒரே பரீட்சைதான் வைப்பேன்: நம்மூர்ப் பெயர் ஒன்றைக் கொடுத்தால் அது என்ன செய்கிறது?

காரணம் இருக்கிறது. என் முதல் கட்டுரையை அனுப்பும்போது அந்தப் பத்திரிகையின் படிவம் 'லாஸ்ட் நேம்' இல்லாமல் நகரவில்லை. ஒற்றை எழுத்து இனிஷியலையும் ஏற்கவில்லை. அப்பா பெயராக விரித்து எழுத வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து என் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினாலும் முன்னால் வந்து நிற்பவர் அப்பா. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரானவர், நானோ துகள் நிபுணராகிவிட்டார். விஷயத்தைச் சொன்னேன். "அதனால என்னடா, ஃபீஸ் கட்டினவன் நான்தானே" என்று பேப்பரைப் புரட்டினார்.

பெரியவர்களுக்கே இது நடந்திருக்கிறது. 1888-இல் திருவானைக்காவலில் பிறந்த குழந்தைக்கு வைத்த பெயர் வெங்கடராமன். சந்திரசேகர என்பது அப்பா பெயர். வெங்கடராமன் நடுவில் உடைந்து சி.வி. ராமன் ஆனார். சாஃப்ட்வேர்கள் அவரை 'ராமன், சி.வி.' என்று அடுக்குகின்றன. 1928-இல் அவர் கண்டுபிடித்த விளைவும் பாதிப் பெயரோடுதான் உலகம் சுற்றுகிறது.

காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் சிக்கல் வேறு மாதிரி. உத்தர வீதியில் நின்று "ரங்கராஜன் சார்!" என்று குரல் கொடுத்துப் பாருங்கள், எத்தனை தலை திரும்புகிறதென்று. இத்தனை பேரும் கட்டுரை எழுதினால் கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம்? ஒரு தேடுதளம், பயிர்நோய் பற்றிய கட்டுரையை ஒரு ரங்கராஜனிடம் நீட்டி "இதுவும் உங்களுடையதுதானே?" என்று கேட்டதாம். அவர் கணக்கு வாத்தியார். இதை முன்கூட்டியே சமாளித்தவர் அதே ஊரில் வளர்ந்த எஸ். ரங்கராஜன். குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்ததால் மனைவி பெயரைப் போட்டுக்கொண்டு சுஜாதா ஆனார். ஆராய்ச்சியாளர்களுக்கு அந்த வசதி இல்லை; 2012-இல் ஆர்கிட் என்ற அடையாளப் பதிவேடு வந்து தலைக்கு 16 இலக்க எண் கொடுக்க ஆரம்பித்தது. ரேஷன் கார்டு மாதிரிதான், ஆனால் சர்க்கரை தரமாட்டார்கள்.

பரீட்சை முடிவுக்கு வருகிறேன். ஜொடேரோவில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டன் இருக்கிறது. அமுக்கினால் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்ற இரண்டு கட்டமும் ஒன்றாகிவிடும், 'ஆர். ரங்கராஜன்' என்று இனிஷியலோடு அப்படியே போடலாம், யாரும் வெட்டமாட்டார்கள். பிப்டெக்கில் பெயரைச் சுற்றி இன்னொரு ஜோடி வளைவு அடைப்பு போட்டால் இதே பலன். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் ஜொடேரோவைச் செய்தவர்கள் ஸ்ரீரங்கத்தை நினைத்துச் செய்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் என் ஓட்டு அதற்கே. இலவச இடம் 300 எம்பிதான். பிடிஎஃப்களை உங்கள் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தீசிஸைக் கைடிடம் கொடுப்பதற்கு முன் ரெஃபரன்ஸ் பட்டியலை ஒருமுறை பெயர் பெயராகப் படித்துவிடுங்கள்; யாருடைய அப்பாவாவது உள்ளே உட்கார்ந்திருப்பார்.