நத்தையின் செலவுக் கணக்கு

மழைக்காலத்துக் காலை வேளைகளில் கொல்லைச் சுவரில் காணும் வெள்ளிக் கோடுகளை வீட்டிலுள்ளோர் அசுத்தமென்று சபிப்பதும், நடையில் பின்தங்கும் என்னைப் போன்றவர்களை உறவினர் ‘நத்தை’ என்று பரிகசிப்பதும் நெடுநாளைய வழக்கமாதலால், இரு வகையிலும் அவமதிக்கப்பட்ட அந்த ஜீவனுக்கு வக்காலத்து வாங்குவதை நான் என் சொந்த வழக்காகவே கருதுகிறேன்.

ஜன்னல் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்த ஒரு நத்தையை மறுபுறம் நின்று பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியபோது, அதன் ஒற்றைப் பாதத்தின் அடியில், நிழல் போன்ற பட்டைகள் வாலிலிருந்து தலையை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக விரையக் கண்டேன். உள்ளே இத்தனை அமர்க்களம் நடந்தும் ஆசாமி நகர்ந்ததென்னவோ அரை விரற்கடைதான். சர்க்கார் காரியாலயங்களில் காகிதம் ஓடும் வேகத்தையும் காரியம் நகரும் தூரத்தையும் அறிந்தவர்கள் இதற்கு வியப்படைய மாட்டார்கள்.

வாய்க்குச் சற்றுக் கீழே, பாதத்தின் முன்முனையில் சுரந்து, சுவரில் வெள்ளிக் கோடாய்க் காயும் அந்தக் கோழை, பெரும்பகுதி தண்ணீரேயாயினும் விசித்திர சுபாவமுடையது. சும்மா இருக்கையில் கெட்டிப்பட்டுச் சுவரைப் பற்றிக்கொள்ளும். அழுத்தித் தள்ளினாலோ இளகி வழிவிடும். ஆகவே, பாதத்தின் அசையாத பகுதிகளுக்குப் பசையாகவும், அலையலையாய் அசையும் பகுதிகளுக்கு எண்ணெயாகவும் ஏககாலத்தில் அது இரட்டை உத்தியோகம் பார்க்கிறது.

இந்தச் சௌகரியம் இலவசமன்று. வட அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் வாழும் ஓடில்லா நத்தையொன்றை ஆராய்ந்த மார்க் டென்னி என்னும் உயிரியலார், ஓட்டம், நீச்சல், பறத்தல் ஆகிய எல்லாவற்றையும்விட இந்த ஊர்தலுக்கே அதிக சக்தி செலவாகிறதென்றும், அதில் பெரும்பங்கு கோழை தயாரிப்பதிலேயே கரைகிறதென்றும் 1980-இல் கணக்கிட்டுக் காட்டினார். போகும் பாதையைத் தன் உடம்பிலிருந்தே எடுத்துப் போட்டு, அதைத் திரும்பியும் பாராமல் விட்டுச் செல்லும் ஊதாரி, மெதுவாகப் போகாமல் வேறெப்படிப் போவான்?

கடலோரப் பாறைகளில் வாழும் சில நத்தைகள், முன்னே போனவர் தடத்தின்மேலேயே ஊர்ந்து தம் கைச்சரக்கை மிச்சம் பிடிக்கின்றன. துணை தேடுவோரும் இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேருகிறார்கள். ஆனால் அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த ஓநாய் நத்தை என்னும் ராட்சசனும் அதே கோட்டைப் பின்பற்றி வந்து, கோடு போட்டவரையே உண்டு முடிக்கிறான்.

எனினும் கோட்டால் பிழைத்தவரும் உண்டு. எகிப்திலிருந்து வந்த ஒரு பாலைவன நத்தையை, வெறும் ஓடென்றெண்ணி, லண்டன் பிரிட்டிஷ் மியூஸியத்தார் 1846-இல் அட்டையில் ஒட்டிவைத்தார்கள். 1850 மார்ச்சில் அந்த அட்டையில் கோழைக் கறை படிந்திருப்பது கண்ணில்படவே, ஐயங்கொண்டு வெதுவெதுப்பான நீரில் இட்டுப் பார்க்க, காலமானவராகக் கருதப்பட்டவர் சாவகாசமாகத் தலையை நீட்டினார். முட்டைக்கோஸ் இலை உண்டு மேலும் இரண்டாண்டு ஜீவித்திருந்தார். நாலாண்டுக் காலம் பட்டினி கிடந்த அந்த நத்தையைவிட, காட்சிப் பொருளுக்குச் சாப்பாட்டுச் செலவென்று பேரேட்டில் எழுத நேரும் கணக்கப்பிள்ளையின் சங்கடத்தை நினைத்தால்தான் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது.