மேற்படி மலை தொடர்பாக

அனர்த்தங்களை முகாமை செய்யும் மேன்மைதங்கிய மேலிடத்துக்கு,

கேகாலை மாவட்டம், அரநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து பணிவுடன் எழுதிக்கொள்வது.

வீட்டு முன்னாயத்தம் பற்றித் தாங்கள் அனுப்பிய துண்டுப் பிரசுரம் கிடைத்தது. தாள் நல்ல வழவழப்பு. தகரத்தில் ஓட்டை இருந்த இடத்துக்குக் கீழே விரித்தோம், ஒரு மழையை முழுதாகத் தாங்கியது. அதற்கு முதலில் வாசித்தும் முடித்துவிட்டோம்.

ஆபத்தின் அறிகுறிகளை அவதானிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். சுவர் வெடிக்கும், கதவு இறுகும், மரம் சாயும், ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கும். நன்றி. எங்கள் லயத்தைக் கட்டியவன் வெள்ளைக்காரன். வெடிப்பும் அவன் காலத்திலேயே வந்துவிட்டது. காம்பிராக் கதவோ பாட்டி கலியாணம் முடித்து வந்த நாளிலேயே இறுகித்தான் இருந்ததாம். ஆகவே எந்த வெடிப்பு மலையினுடையது, எந்த வெடிப்பு கம்பனியினுடையது என்று பிரித்துக் காட்ட ஓர் உத்தியோகத்தரை அனுப்பினால் உதவியாக இருக்கும்.

முக்கிய ஆவணங்களைத் தண்ணீர் புகாமல் கட்டி வாசலோரம் வைக்கச் சொன்னீர்கள். வைத்துவிட்டோம். அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், அம்மாவின் கிளினிக் கொப்பி, சேமலாப நிதிக் கடிதம், எல்லாம் இரண்டு சொப்பிங் பேக்குக்குள் சுற்றி றங்குப்பெட்டி மேல் இருக்கின்றன. பட்டியலில் 'காணி உறுதி' என்றும் ஒன்று இருந்தது. அதைத்தான் வைக்க முடியவில்லை. நிலம் அரசாங்கத்தினது. 1992இல் தோட்டங்கள் கைமாறியதிலிருந்து நிர்வாகம் கம்பனியினது. வெடிப்பு மட்டும் எங்களது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவழிக்க இடம் கொடுக்கவில்லை. அதைத் திருத்த 2018 வரை ஆனது. மலைகள் அந்தத் திருத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை.

2016 மே 17 தங்களுக்கு நினைவிருக்கும். மூன்று நாளாகக் கொட்டிய மழை 400 மில்லிமீற்றரைத் தாண்டியிருந்தது. அன்று பின்னேரம் சாமசர மலை பிளந்து சிரிபுர, எலங்கபிட்டிய, பல்லேபாகே ஊர்கள் மேல் இறங்கியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 127 பேர். பலரைத் தோண்டி எடுக்கவே முடியவில்லை. அதே நாள், இதே மாவட்டத்தில், புளத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்தில் லயம் புதைந்து 16 பேர் போனார்கள். அரநாயக்க தலைப்புச் செய்தியானது, களுபஹன கடைசி வரியானது. மண்ணுக்குள் போன பிறகாவது ஒரே வரிசையில் நிற்கலாம் என்று நினைத்திருந்தோம்.

அதற்கு முன் 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. 2005இலும் 2011இலும் எழும்பிப் போகச் சொன்னோமே, கேட்டார்களா என்று மேலிடம் அப்போது கேட்டது. எழும்பி எங்கே போவது என்ற விவரம், அப்படிச் சொன்ன கடிதத்தின் இணைப்பில் இருந்திருக்க வேண்டும். இணைப்பு இன்னும் வந்து சேரவில்லை.

இனி மண்சரிவு எச்சரிக்கை நிறங்களுக்கு வருகிறோம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் இந்தக் கணக்கில் எங்களுக்குக் குறையில்லை, இதை நையாண்டியாகச் சொல்லவில்லை. ஆனால் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வேறு கணக்கு ஓடுகிறது. அதற்குப் 'பேர்' என்று பெயர். காலையில் பெரட்டுக்கு நின்றால் அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழும், நிற்காவிட்டால் இல்லை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். சிவப்பு வந்துவிட்டதென்று பிள்ளை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போனால் அன்றைக்கு எந்தப் பேர்? அதிலும் மலை பெரும்பாலான நாட்களில் விழுவதில்லை. அதுதான் சிக்கலே. விழாத மலைக்குப் பயந்து ஒரு நாள் சம்பளத்தை விட்டவன் அடுத்த சிவப்புக்கு யோசிப்பான், அதற்கடுத்த சிவப்புக்குப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவான். அதைத் தாங்கள் 'மக்களின் அசட்டை' என்று அறிக்கையில் எழுதுவீர்கள்.

2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுக்க 600க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. அப்போதும் தமிழில் எச்சரிக்கை பிந்தியது, சில வேளை வரவேயில்லை என்று பத்திரிகைகளே எழுதின. அரசியலமைப்பில் தமிழ் அரச கரும மொழியாகி அப்போதே 38 வருடம். மழைக்கு மட்டும் இன்னும் சுற்றறிக்கை போகவில்லை போலும்.

பிரசுரத்தில் இல்லாத ஒரு முன்னாயத்தத்தையும் சொல்லிவைக்கிறோம். அந்தக் காலத்தில் கான் வெட்டு என்று ஒரு வேலை இருந்தது. சரிவுக்குக் குறுக்கே, லேசான வாட்டத்தோடு, தண்ணீரை ஓடை வரைக்கும் நடத்திக்கொண்டு போகும் கான்கள். இடையிடையே வண்டல் தங்கக் குழிகள். மழைக்கு முன்னம் ஆம்பிளையாட்கள் மண்வெட்டியோடு இறங்கிச் சேறு வாருவார்கள். பெய்த தண்ணீரில் ஒரு பங்கு மலைக்குள் இறங்காமல் மேலாலேயே ஓடிவிடும். இப்போது செலவுக் குறைப்பு. கானுக்குள் மானாப்புல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. தேங்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, அடிப்பாறையில் முட்டி, மண்ணுக்கும் பாறைக்கும் இருந்த பிடியைத் தளர்த்திவிடுகிறது. ரேடியோவும் டோர்ச்சும் மெழுகுதிரியும் வாங்கி வைக்கச் சொன்ன தாங்கள், கானைத் தோண்டும்படி கம்பனிக்கு ஒரு துண்டுப் பிரசுரம் அடித்தீர்களா? அடித்திருந்தால் அதுவும் இதே வழவழப்புத் தாளில்தானா?

கேட்பது அதிகமில்லை. பெரட்டுக் களத்தில் ஒரு மழைமானி வையுங்கள். அதற்கும் நிதி இல்லையென்றால் நேர்ச்சுவர் உள்ள ஒரு கண்ணாடிப் போத்தலும் அடிமட்டமும் போதும், அளவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். மலையடியிலிருந்து எழும்பச் சொல்லும்போது போக வேண்டிய இடத்தின் உறுதியையும் கையில் தாருங்கள். அதற்கு நாளாகும் என்று தெரியும். நாளாகாத காரியம் ஒன்று இருக்கிறது: சிவப்பு அறிவித்த நாளில் வேலைக்கு வராதவர்களுக்கும் முழுப்பேர் போட வேண்டும் என்று தோட்டங்களுக்கு ஒரு சுற்றறிக்கை. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அடுத்த மழைக்கு முன் அனுப்புங்கள், தமிழிலும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மேற்படி மலையின் அடிவாரத்தில் வசிப்போர்