ஸ்மார்ட் போர்டுக்குச் சந்தனப் பொட்டு

எங்கள் இயற்பியல் துறையின் ஸ்மார்ட் போர்டுக்கு ஒரு வெல்வெட் உறை இருக்கிறது. மெரூன் நிறம், ஓரத்தில் சரிகை. துறைத் தலைவர் வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சிய துணி என்று ஒரு பேச்சு உண்டு, நான் விசாரிக்கவில்லை. அந்த உறையைக் கழற்றுவது இரண்டு சமயங்களில்தான். ஒன்று, கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வரும்போது. மற்றொன்று, ஆயுத பூஜையின்போது. முதலாவதில் போர்டுக்குப் பக்கத்தில் நின்று நாங்கள் படம் எடுத்துக்கொள்வோம். இரண்டாவதில் போர்டு பொட்டு வைத்துக்கொள்ளும்.

அந்தப் பொட்டு ஒருமுறை பெரிய வில்லங்கத்தில் கொண்டுபோய் விட்டது. இந்த வகைப் போர்டில் விரல் பட்டதைக் கண்டுபிடிப்பது திரை அல்ல, திரையைச் சுற்றியிருக்கும் சட்டம். சட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டே இருக்கும். விரல் குறுக்கே வந்தால் கதிர் தடைபடும். எங்கே தடைபட்டது என்று போர்டு கணக்குப் போட்டுக்கொள்ளும். எங்கள் லேப் அட்டெண்டர் அண்ணன், சட்டத்தின் உள்விளிம்பில் பக்தியோடு சந்தனத்தைக் குழைத்து அப்பிவிட்டார். விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், யாரோ நிரந்தரமாகத் தன்மேல் விரலை வைத்துக்கொண்டிருப்பதாகப் போர்டு நம்பிக்கொண்டிருந்தது. எதை எழுதினாலும் கோடு மூலையைப் பார்த்து ஓடியது. சர்வீஸ் ஆள் வந்தார், திரையைத் தட்டிப் பார்த்தார், ஹார்டுவேர் ஃபால்ட் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். சட்டத்தை ஈரத்துணியால் துடைத்ததும் போர்டு தெளிந்தது.

"நான் சாமி குத்தம்னுல்லா நினைச்சேன் மேடம்" என்றார் அண்ணன்.

தெற்கே, அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நான் வெகுகாலமாக இயற்பியல் நடத்துகிறேன். பாடம் நடத்துவதற்குத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டு வராத சுற்றறிக்கையே கிடையாது. ஆமாம் என்று சொன்னால் போதாது, படம் வேண்டும். படத்தில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்க வேண்டும். போர்டு பூமியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது டெல்லி வரைக்கும் தெரியும். அதில் நடத்திய பாடம் மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பையனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு எந்த ரேகையும் இல்லை.

இது இன்று நேற்று வந்த மோகம் அல்ல. 1913-லேயே எடிசன் ஒரு பேட்டியில், இனிப் பள்ளிக்கூடங்களில் புத்தகத்துக்கு வேலை இருக்காது, எல்லாவற்றையும் சினிமாவே சொல்லிக்கொடுத்துவிடும், பத்து வருஷத்தில் கல்வி முறையே தலைகீழாகிவிடும் என்று ஆரூடம் சொன்னார். சினிமா பிறகு நம் பிள்ளைகளுக்கு என்னென்னவோ சொல்லிக்கொடுத்தது. அது வேறு கதை.

நம் ஊரில் 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி), தூர்தர்ஷன் மூலமாக நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரு வகுப்பறையைத் திறந்தது. இன்சாட்-1பி வழியாகப் பாடம் வானத்திலிருந்து இறங்கியது. எங்கள் வீட்டுக்கு டிவி வந்தபின் அதை விடாமல் பார்த்தவர் என் தாத்தா ஒருவர்தான். கல்லூரி மாணவர்கள் அந்நேரம் கல்லூரியில் இருந்தார்கள். அங்கே டிவி இல்லை. தாத்தாவுக்கு ஆங்கிலம் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஆனாலும் செல் பிரிவதையும் கால்குலஸையும் நிதானமாகத் தலையாட்டி ரசிப்பார். பிற்பாடு வேலைக்குச் சேர்ந்தபோது, என் வகுப்பின் கடைசி பெஞ்சில் அதே தலையாட்டலைப் பார்த்தேன். உடனே புரிந்துவிட்டது.

2004-இல் கல்விக்கென்றே எடுசாட் என்ற செயற்கைக்கோளை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அனுப்பினார்கள். அதற்காக நட்ட டிஷ் சில கல்லூரிகளின் மொட்டைமாடியில் இன்னமும் நிற்கிறது, காக்கைகளுக்கு வசதியாக. நடுவில் ஓஎச்பி என்கிற ஓவர்ஹெட் புரொஜெக்டர் வந்தது. அதன் பல்பு சூட்டுக்கு ஃபேன் வேண்டும், ஃபேன் போட்டால் ஷீட்டுகள் ஜன்னல் வழியாகப் பறந்துவிடும். பிறகு பவர்பாயின்ட். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்லைடில் இருப்பதை ஆசிரியர் வாசிப்பார், மாணவர்கள் ஸ்லைடைப் போட்டோ எடுப்பார்கள், அந்தப் போட்டோவை எவரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

என்பிடெல் பற்றி மட்டும் மரியாதையாகப் பேச வேண்டும். 2003-இல் ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம் அது. சென்னை ஐஐடியில் இடம் கிடைக்காதவர்கள் அந்த வகுப்பில் போய் உட்கார முடிந்தது என்றால் சின்ன விஷயமா? தேறினால் கிரெடிட்டும் உண்டு: ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் என்ற அரசு இணையத்தளம் வழியாகப் படிக்கலாம் என்று 2021-இல் யுஜிசி சொல்லிவிட்டது. நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறார்கள். தேர்வு நெருங்கினால் இரண்டு மடங்கு. பேராசிரியர் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கிரிக்கெட் வர்ணனைபோல் சொல்லி முடிக்கிறார். வாராவாரம் தரும் அசைன்மென்ட்டுக்கு விடை டெலிகிராமில் கிடைக்கும், கேள்வியை வாசிக்கும் சிரமம்கூட மிச்சம். இதில் எனக்கு நேர்ந்த கஷ்டம் என்னவென்றால், ஒன்றரை மடங்கில் பழகிய காதுகளுக்கு என் வகுப்பு ரொம்ப இழுவையாகத் தெரிகிறது. "மேம், நீங்க ஸ்லோவா பேசுறீங்க" என்று ஃபீட்பேக் படிவத்தில் எழுதினார்கள். நான் எப்போதும்போலத்தான் பேசுகிறேன், என்னிடம் அந்த பட்டன் இல்லை.

கொரோனாக் காலத்தில் எல்லோருமே செல்போனுக்குள் போய்விட்டோம். ஜூமில் காசு கட்டாதவர்களுக்கு 40 நிமிஷம்தான். பிறகு தானாக அறுந்துவிடும். உலகமெல்லாம் இதைக் குறையாகச் சொன்னது. எங்களுக்கு அது பீரியட் பெல். முதல் பத்து நிமிஷம் "கேக்குதா?", அடுத்த பத்து "யாருப்பா மைக்க மியூட் பண்ணுங்க". ஒருவர் வீட்டுக் குக்கர் விசில், இன்னொருவர் ஏறிய பஸ்ஸின் கண்டக்டர் விசில். வகுப்பு முடிந்தது என்று சொன்ன பிறகும் நாலைந்து பெயர்கள் திரையிலிருந்து போகாது. ஆர்வம் என்று முதலில் நினைப்போம். தூங்கிக்கொண்டிருப்பார்கள். 2021 தொடக்கத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம், கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்குத் தினம் 2 ஜிபி டேட்டா கார்டு அறிவித்தது. நல்ல காரியம். மலையடிவாரத்து ஊர்களில் டேட்டா இருந்தது, டவர்தான் இல்லை.

லேப் என்ன ஆவது? அப்போதுதான் ஃபைஃபாக்ஸ் என்ற செயலியைப் பிடித்தேன். ஜெர்மனியில் ஆஹன் பல்கலைக்கழகத்து இயற்பியலாளர்கள் 2016-இல் வெளியிட்டது, இலவசம். செல்போனுக்குள் முடுக்கத்தை அளக்கும் சென்சார், சுழற்சியை அளக்கும் சென்சார் என்று ஒரு குட்டி ஆய்வகமே இருக்கிறது. போனைச் சாய்த்தால் படம் திரும்புவதெல்லாம் அதனால்தான். அந்தச் செயலி இவற்றைத் திறந்து காட்டிவிடும். போனை ஊசலாக ஆட்டி, நீளத்தைக் கொடுத்தால், புவியீர்ப்பு முடுக்கம் 'ஜி' எவ்வளவு என்று சொல்லும். வீட்டில் எது தொங்குகிறதோ அதில் போனைக் கட்டி அளந்து அனுப்புங்கள் என்றேன்.

எங்கள் லேப் ரெக்கார்டுகளில் 'ஜி' மதிப்பு அன்றும் இன்றும் 9.8தான். ஊசல் கோணலாக இருந்தாலும், ஸ்டாப்வாட்ச் ஓடாவிட்டாலும் 9.8. முதலில் விடையை எழுதி, அங்கிருந்து பின்னோக்கி நடந்து ரீடிங்குக்கு வந்து சேர்வது தமிழ்நாட்டு ஆய்வக மரபு. அப்படிப்பட்ட நாட்டில் ஒரு இரவு எனக்கு வாட்ஸப்பில் குரல் செய்தி வந்தது. வகுப்பில் வாயே திறக்காத பெண். பயந்துபோய்க் கிசுகிசுத்தாள்:

"மேம், எங்க வீட்ல மட்டும் கிராவிட்டி ஜாஸ்தியா இருக்கு மேம். 10.8 காட்டுது."

விசாரித்ததில் விவரம் வந்தது. கூடத்து ஊஞ்சலில் போனைக் கட்டியிருக்கிறாள். ஊஞ்சலில் பாட்டி உட்கார்ந்திருந்தார். ஆராய்ச்சிக்காக எழுந்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். சரி, ஊசலின் நேரம் எடையைப் பொறுத்ததல்ல என்று மேம் நடத்தியிருக்கிறாரே என்று பாட்டியோடு சேர்த்தே ஆட்டி அளந்துவிட்டாள். எடை பிரச்சினையில்லைதான். நீளம்தான் பிரச்சினை. அவள் கொக்கியிலிருந்து பலகை வரை அளந்திருந்தாள். ஊசலின் நிறை குவிந்திருந்ததோ பலகையில் அல்ல, அதற்கு மேலே, பாட்டியின் இடுப்புக்குப் பக்கத்தில். உண்மையான நீளம் குறைவு. கூடுதல் நீளத்தைக் கணக்கில் போட்டதால் 'ஜி' ஏறிவிட்டது. நான் இதைச் சொல்லவில்லை. "பாட்டி நின்னுக்கிட்டு ஆடினா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டு அனுப்பினேன். சற்று நேரத்தில் பதில் வந்தது: "இன்னும் ஏறும் மேம். ஆனா பாட்டி நிக்க மாட்டாங்க."

நிறைமையத்தை அதைவிட நன்றாக நான் எந்த ஸ்மார்ட் போர்டிலும் நடத்தியதில்லை.

கல்லூரி திறந்ததும் கிளிக்கர் வாங்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. மாணவர் கையில் ஆளுக்கொரு ரிமோட். கேள்விக்கு அமுக்கினால் திரையில் வாக்கு விழும். இதைப் பிரபலமாக்கியவர் ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர். அவர் கதை எனக்குப் பிடித்தது. நன்றாக நடத்துகிறோம் என்ற நினைப்பில் இருந்தவர், 1990-இல் விசை பற்றிய அடிப்படைக் கேள்வித்தாள் ஒன்றை வகுப்பில் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நிஜமாக நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டுவிட்டாள். ஹார்வர்டிலேயே அந்த நிலைமை என்றதும் எனக்கு எவ்வளவு ஆறுதல்! அதன் பிறகு மஸூர் பேச்சைக் குறைத்தார். கேள்வி கேட்பார், எல்லோரும் விடை சொல்வார்கள், பக்கத்தில் இருப்பவரோடு சண்டை போடுவார்கள், மறுபடி விடை சொல்வார்கள். கனடாவில் நத்தானியல் லாஸ்ரி என்பவர் ஒரு வகுப்புக்குக் கிளிக்கரும் இன்னொரு வகுப்புக்கு வெறும் அட்டையும் கொடுத்துப் பார்த்து, கற்றதில் வித்தியாசமே இல்லை என்று 2008-இல் எழுதினார். வேலை செய்தது சண்டைதான்.

கொட்டேஷன் வந்து சேருமுன் நான் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அ, ஆ, இ, ஈ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் கேள்வி: லாரியும் குட்டி யானை வேனும் நேருக்கு நேர் மோதினால் எதன் மேல் விசை அதிகம்? ஏறக்குறைய மொத்த வகுப்பும் குட்டி யானை மேல் என்று அட்டையைத் தூக்கியது. பிறகு சண்டை. "நசுங்குறது எது? அதுமேலதான் ஃபோர்ஸ்" என்றான் ஒருவன், அவன் அப்பா குட்டி யானை ஓட்டுகிறார், வாதத்தில் ரத்தபாசம் இருந்தது. "ரெண்டுக்கும் ஒண்ணுதாம்ல, இது லேசு, அதான் ரொம்பத் தெறிக்குது" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். நியூட்டனின் மூன்றாம் விதி என்று சொன்னேன், கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

இப்போது செயற்கை நுண்ணறிவு. பிள்ளைகள் காப்பியடிக்கக் கூடாது என்று அசைன்மென்ட்டைக் கையால் எழுதச் சொன்னோம். எழுதினார்கள். கோண உந்தம் மாறாது என்பதற்கு உதாரணம் கேட்டிருந்தேன். வரிசையாக எல்லோரும் பனிச்சறுக்கு வீராங்கனை கைகளை மடக்கிச் சுழல்வதை எழுதியிருந்தார்கள், அழகான கையெழுத்தில். வெயிலில் தார் உருகும் ஊர் எங்களுடையது. "பனிச்சறுக்கு பார்த்திருக்கியா?" என்று ஒருவனைக் கேட்டேன். "ஐஸ் ஃபேக்டரி பார்த்திருக்கேன் மேம்" என்றான். அந்த நேர்மைக்கு மதிப்பெண் போட்டேன். இப்போதெல்லாம் அந்தச் சாட்பாட் தரும் விடையையே வகுப்பில் வாசித்து, ஓட்டை எங்கே என்று அட்டை தூக்கச் சொல்கிறேன். அதைத் திட்டுவதற்கு அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கிறது. என்னிடம் காட்டத் தயங்கும் கோபத்தையெல்லாம் அதனிடம் காட்டுகிறார்கள்.

கொள்முதல் கமிட்டி மறுபடி கூடப்போவதாகக் கேள்வி. 86 அங்குலப் பேனலாம், பேச்சைக் கேட்டு எழுதுமாம். வேண்டாமென்று சொல்லவில்லை, வாங்குங்கள், உறைக்குத் துணி நானே தருகிறேன். கமிட்டியில் இருக்கிற ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும் ஒரே ஒரு விண்ணப்பம். எங்கள் வகுப்பறையில் ஒரே பிளக் பாயின்ட், அதுவும் கதவுக்குப் பின்னால். கதவைத் திறந்தால் பிளக் கழன்றுவிடும், சாத்தினால் காற்று வராது. பேனல் வருவதற்கு முன்னால் ஜன்னல் பக்கமாக ஒரு பதினைந்து ஆம்ப் பாயின்ட்டும், மாணவர்கள் போன் சார்ஜ் போட இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் கொடுத்துவிடுங்கள். படம் வேண்டுமென்றால் அதற்குப் பக்கத்திலும் நின்று எடுத்துக்கொள்கிறோம்.