உண்ணி பிடுங்கும் காதலர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கட்டாக்காலி நாய்கள், அதாவது உரிமையாளர் இன்றித் தெருவில் திரியும் நாய்கள், பெருகியதற்குக் காரணம் தேடுவோர் பெரும்பாலும் நாய்களையே குற்றஞ் சாட்டுவர். 1995 ஒக்டோபர் 30 அன்று போரினால் வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்தபோது சனம் போயிற்று, நாய்கள் நின்றன. இன்றும் கனடா விசா கிடைத்த குடும்பம் வீட்டுத் திறப்பைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு, நாயை எவரிடமும் ஒப்படைக்காமலே விமானம் ஏறுகிறது. 2006 முதல் இலங்கையில் தெருநாய்களைக் கொல்லும் வழக்கம் அரச கொள்கையாகக் கைவிடப்பட்டு, கருத்தடையும் விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியுமே வழியென்று ஆனபின், இவற்றைப் பேண இடமும் ஆளும் தேவைப்பட்டன. இடம் என்றவுடன் பலரும் சுட்டுவது, செஞ்சொற்செல்வர் ஆறு. திருமுருகனின் சிவபூமி அறக்கட்டளை ஆனையிறவுக்கு அண்மையில் இயக்கச்சியில் அமைத்த நாய்கள் சரணாலயத்தை. ஆட்களைப் பற்றித்தான் இதுவரை எவரும் முறையாக ஆராயவில்லை.

குடாநாட்டின் தடுப்பூசி முகாம்களிலும் காப்பகங்களிலும் காணக்கூடிய ஆடவர், பொதுவாக முப்பது கடந்த அபிவிருத்தி உத்தியோகத்தர். பிரதேச செயலகத்தில் எதை அபிவிருத்தி செய்கிறார் என்பது அவருக்கே தெளிவில்லை எனினும், ஞாயிறு தோறும் கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றை உரப்பையில் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக்கொண்டு தவறாமல் வந்துசேர்வார். சிறுவயதில் நாய் கலைத்து வேலிப்பொட்டுக்குள், அதாவது கிடுகுவேலியில் ஆள் நுழையுமளவுக்கு விட்ட இடைவெளிக்குள், புகுந்து ஓடியவர் அவர் என்பதை ஊர் மறக்கவில்லை. ஆகவே இந்தத் திடீர் சீவகாருணியத்துக்கு வேறு காரணம் இருக்கவேண்டும். அக்காரணம், ஊசிப்பெட்டியுடன் வரும் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியரே, அதாவது கால்நடை வைத்தியரின் கீழ் ஊர் ஊராகச் சென்று பணியாற்றும் பெண் உத்தியோகத்தரே.

இவர்களது உறவின் வளர்ச்சியை அளக்க உண்ணியே தக்க அளவுகோல். நாயின் காதுமடலுக்குள் கொத்தாக ஒட்டியிருக்கும் உண்ணியை ஒவ்வொன்றாகக் கிள்ளி, மண்ணெண்ணெய் ஊற்றிய சிரட்டையில் போடவேண்டும். ஒருவர் நாயின் தலையைப் பிடிக்க மற்றவர் பிடுங்குவதே முறையாதலால், இருவரின் தலைகளும் ஒரு சாண் இடைவெளியில் நெடுநேரம் நிற்க நேர்கிறது. நல்லூர் வீதியில் இப்படி நின்றிருந்தால் மாலைக்குள் பெரியம்மாவின் காதுக்குப் போயிருக்கும். நாய் நடுவில் இருந்தால் அது சமூகசேவை. இந்த உண்மையைக் கண்டுபிடித்த அளவில் அவரை அறிவாளி என்றே கொள்ளவேண்டும்.

அவர்களது உரையாடல் மிகச் சிக்கனமானது. முதலாம் மாதத்தில், “சேர், வாயை இறுக்கிப் பிடியுங்கோ” என்பது மட்டுமே பதிவாகிறது. ஐந்தாம் மாதத்தளவில் அவர், “மிஸ், வாற கிழமையும் வரவோ?” என்று கேட்க, அவள் தலை நிமிராமலே, “உண்ணி இன்னும் முடியேல்லை, வாங்கோ” என்கிறாள். நாய் உண்மையில் மூன்றாம் மாதமே துப்புரவாகிவிட்டது என்பதை இருவரும் அறிவர், நாயும் அறியும். நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள்களே என்பதை நோக்க, இந்தக் காதலர் வாய் திறப்பதற்குள் பெட்டைநாய் குட்டி போட்டு, குட்டிகள் பால்மறந்து, ஊசியும் போட்டு, வளர்க்க விரும்பியவர்களின் வீடுகளுக்கும் போய்விடுகின்றன.

இத்தாமதத்தைக் கோழைத்தனம் எனல் தவறு. அவள் வீட்டில் சுவிஸ் மாப்பிள்ளையின் குறிப்பு ஏற்கெனவே சாத்திரியாரிடம் கிடக்கிறது. அவர் வீட்டில் கலியாணப் புறோக்கர் சீதனக் கணக்கைத் தொடங்கிவிட்டார். இரு பக்கமும் களைத்து ஓயும்வரை காத்திருப்பதே அவரது உபாயம். வெளிநாடு போனவர்கள் விட்டுச்சென்ற நாயை வைத்தே வெளிநாட்டு மாப்பிள்ளையை வெல்வது குடாநாட்டின் பொருளியலுக்குப் புதிது.

சட்டத்தில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ஒல்லாந்தர் 1707 இல் நடைமுறைப்படுத்திய தேசவழமை, யாழ்ப்பாணத்தாரின் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுக்கிறது. முதுசம் பரம்பரையாக வருவது, சீதனம் பெண்ணுக்குக் கொடுப்பது, தேடியதேட்டம் மணவாழ்க்கையில் ஈட்டுவது. எழுத்துக்கு, அதாவது திருமணப் பதிவுக்கு, முன்னரே இருவரும் சேர்ந்து வளர்த்த ஒற்றைக்கண் நாய் இம்மூன்றில் எதிலும் அடங்காது. சீதனப் பட்டியலில் அதைச் சேர்க்க எந்த மாமியாரும் உடன்படப்போவதில்லை.

எனவே, பழஞ்சோற்றுப் பையுடன் மகன் ஞாயிறு தோறும் ஏ-9 வீதியில் தெற்கே போவதைக் காணும் தாய்மார் புறோக்கருக்கு முற்பணம் கொடுக்காதிருப்பது நன்று. கொடுத்தவர்கள் இப்போதே திருப்பிக் கேட்கலாம்.